ஸ்கேன் அறையில் இருந்து: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பில் நெடுங்காலம் றேடியோகிராபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். வருத்தத்துக்கு மருந்து கேட்டு எழுத வேண்டாம். அதற்கு உங்கள் வைத்தியர் இருக்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, சீனி வருத்தக்காரர். மாரி விதைப்பு முடிந்த கையோடு காய்ச்சல் பிடித்தது. குளிசை போட்டால் குறையும், பிறகு வரும். இப்படியே மூன்று கிழமை போய்விட்டது. இப்போது வாட்டில் இருக்கிறார். வயிற்று ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் என்று எழுதியிருக்கிறார்கள். மெலியோய்டோசிஸ் என்ற பக்றீரியா வருத்தமாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கப் போட்டிருக்கிறார்கள். ஸ்கேனில்தான் கட்டி தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தக் காத்திருப்பு?
– வாசகி, வெல்லாவெளி

பதில்: மகள், சீழ் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, எத்தனை இடத்தில் என்பதை ஸ்கேன் காட்டும். அதைச் செய்தது எந்தக் கிருமி என்று அதற்குத் தெரியாது. அமீபாவும் ஈரலில் கட்டி வைக்கும், குடலில் இருந்து ஏறும் வேறு பக்றீரியாக்களும் வைக்கும், காசநோயும் வைக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பெயரை உறுதிப்படுத்த இரத்தத்திலோ சீழிலோ கிருமி வளர்ந்தாக வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும். ஆனால் அதுவரை சும்மா வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் பலமாக இருந்தால் ஊசி மருந்தைத் தொடங்கிவிட்டே காத்திருப்பார்கள். அப்பாவுக்குத் தொடங்கியாயிற்றா என்று வாட்டு டொக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அந்தச் சந்தேகம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அமீபாக் கட்டி பெரும்பாலும் ஈரலின் வலப்பக்கத்தில் ஒற்றையாக, பெரிதாக இருக்கும். மெலியோய்டோசிஸில் சின்னச் சின்ன அறைகள் சுவரோடு சுவர் ஒட்டித் தேன்வதை போலக் கிடக்கும். கூடவே மண்ணீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தால், ஆளும் வயல்காரர், சீனி வருத்தம், மாரி காலம் என்றால், நம்முடைய பக்கத்து வைத்தியருக்கு இந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி இது. கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். மூச்சு வழியாகவும் போகும். 1912இல் ரங்கூனில் விற்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு வைத்தியர்கள் இதை முதலில் எழுதியபோது, இறந்தவர்களின் உடலை வெட்டிப் பார்த்துத்தான் கட்டிகளைக் கண்டார்கள். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். மட்டக்களப்பில் இது இப்போது புதினமான வருத்தமே இல்லை.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஸ்கேனுக்கு வரும் துண்டில் 'காய்ச்சல்' என்று ஒரு சொல் மட்டும் இருந்தால், படம் பார்ப்பவர் பொதுவாகப் பார்த்துவிட்டு விடுவார். 'வயல் வேலை, சீனி, மூன்று கிழமைக் காய்ச்சல்' என்று இருந்தால் கருவியை மண்ணீரலில் வைத்து இன்னொரு தடவை உருட்டுவார். ஆண் என்றால் சலப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியையும் தேடுவார். இந்தக் கிருமி அங்கேயும் கட்டி வைக்கும், நோயாளியோ 'சலம் போகும்போது எரியுது' என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். நெஞ்சு எக்ஸ்ரேயிலும் இதே சங்கடம்: காசநோய் போலவே தெரியும், அதற்கே மருந்து குடித்து மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு. ஆகவே எழுதுகிறவர் எழுதாவிட்டாலும் நீங்கள் வாயால் சொல்லுங்கள்.

ஊசி குறைந்தது இரண்டு கிழமை போகும், கட்டி இருந்தால் இன்னும் கூடும். அதற்குப் பிறகு குளிசை மூன்று மாதமோ அதற்கு மேலோ. காய்ச்சல் விட்டதும் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, இறங்கிவிடுகிற ஆட்கள்தான் நாங்கள். குளிசையை இடையில் விட்டால் வருத்தம் திரும்பும். கட்டி வற்றுகிறதா என்று திரும்ப ஸ்கேன் பண்ணக் கூப்பிட்டால் தட்டாமல் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த போகத்துக்கு அப்பாவுக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், போட மறுப்பார், பரவாயில்லை.

கேள்வி: தம்பிக்கு 14 வயது. விடியப்புறம் விதையில் கடுமையான நோ, வாந்தி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கூடப் பண்ணாமல் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது சரியா?
– வாசகர், கல்முனை

பதில்: நூற்றுக்கு நூறு சரி. விதை முறுக்கிக்கொண்டால் அதற்குப் போகும் இரத்தம் நின்றுவிடும். ஆறு மணித்தியாலத்துக்குள் முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். டொப்ளர் ஸ்கேனில் இரத்த ஓட்டம் தெரியும் என்பது உண்மை. ஆனால் கையால் பார்த்தே சந்தேகம் உறுதியாக இருக்கும்போது மெசின் அறைக்கு முன்னால் வரிசையில் இருத்துவது மடத்தனம். படம் எடுக்கிற தொழில் செய்தவனே இதைச் சொல்கிறேன். பொடியன்மார் வெட்கத்தில் வயிற்று நோ என்றுதான் சொல்வார்கள், தகப்பன்மார் கவனியுங்கள்.

கேள்வி: பிள்ளை கிடைத்து இரண்டு கிழமை. நாளுக்கு நாள் கூடுகிற தலையிடி, வாந்தி. சீ.ரீ. ஸ்கேன் 'நோர்மல்' என்று வந்தது. இப்போது மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். ஒரே மெசினில் இரண்டாம் தடவை ஏன்? பால் கொடுக்கலாமா?
– வாசகி, ஏறாவூர்

பதில்: மெசின் ஒன்றுதான், கேள்வி வேறு தங்கச்சி. முதல் ஸ்கேனில் தேடியது மூளையில் இரத்தக் கசிவு, கட்டி, வீக்கம். இப்போது தேடப்போவது மூளையில் இருந்து இரத்தம் திரும்பி வரும் நாளங்களில் கட்டிபட்ட இரத்தம் அடைத்திருக்கிறதா என்று. பிள்ளை பெற்று முதல் ஆறு கிழமையில் பெண்களின் இரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், அதனால் இந்த அடைப்பு அரிதாக வரும். மருந்து ஏற்றாத சீ.ரீ.யில் இது பல தடவை கண்ணில் படாது. மருந்து ஏற்றி எடுத்தால் நாளம் வெள்ளையாக நிரம்பும், அடைப்பு இருக்கிற இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். எம்.ஆர்.ஐ.யிலும் பார்க்கலாம். 'தலையிடிதானே, நித்திரை இல்லாததால்' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். பார்வை மங்கினாலோ வலிப்பு வந்தாலோ உடனே சொல்லுங்கள். அடைப்பு என்று உறுதியானால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், நேரத்தோடு கண்டால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள்.

முதலில் சிறுநீரகம் சரியா என்று இரத்தம் பார்ப்பார்கள். மருந்து ஏறும்போது தொண்டை, நெஞ்சு, அடிவயிறு என்று சூடு இறங்கும், வாயில் இரும்பு ருசி வரும், சலம் போய்விட்டது போல இருக்கும். போயிராது, பயப்பட வேண்டாம். பால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த மருந்தில் ஒரு வீதம் கூடப் பாலுக்குப் போவதில்லை.

கேள்வி: இரண்டரை வயது மகன் காசு ஒன்றை விழுங்கிவிட்டான் என்று அம்மம்மா சொல்கிறார். மலத்தோடு போகும் என்கிறார்கள் அயலில். பிள்ளைக்கு எக்ஸ்ரே கதிர் கூடாதுதானே?
– வாசகர், திருக்கோவில்

பதில்: இதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். அம்மம்மா கண்டது காசா, றிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கிற வட்ட பற்றரியா? எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளை வட்டம்தான். காசு என்றால் ஓரம் ஒற்றைக் கோடு. பற்றரி என்றால் ஓரத்துக்கு உள்ளே இன்னொரு வட்டம் மெல்லிசாகத் தெரியும், பக்கவாட்டில் எடுத்தால் படி போல இருக்கும். உணவுக்குழாயில் பற்றரி சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தசையை எரிக்கத் தொடங்கும். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றின் கதிர், இயற்கையாகச் சில நாளில் நம்மேல் படுகிற அளவுதான். சோறு ஊட்டி இறக்கப் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வாய் கோணி, இடக்கை விழுந்தது. சீ.ரீ. எடுத்தவர்கள் 'ஒன்றும் தெரியவில்லை' என்றார்கள். வாட்டிலோ பாரிசவாதம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், வவுணதீவு

பதில்: இருவரும் சரி. இரத்தம் கசிந்தால் படத்தில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் வருவது முதல் சில மணித்தியாலம் தெரியாமலே இருக்கலாம். அவசரமாகப் படம் எடுப்பது கசிவு இல்லை என்று உறுதிப்படுத்தத்தான், கசிவு இருந்தால், அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஆளைக் கொல்லும். அந்த ஊசிக்கு, வருத்தம் தொடங்கியதில் இருந்து நாலரை மணித்தியாலம்தான் கெடு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர்களுக்கு அதில் பாதி வழியிலேயே போய்விடும். எனவே இனி யாருக்காவது இப்படி என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆள் கடைசியாக நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு என்று கூட வருகிறவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நித்திரையில் வந்தது என்றால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள், எழும்பிய நேரத்தை அல்ல. குடிக்கிற குளிசைகளைப் பையோடு கொண்டுவாருங்கள். நெஞ்சு நோவுக்குக் கொடுத்ததே என்று வீட்டில் அஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள், படம் எடுக்கும்வரை அது கசிவா அடைப்பா என்று யாருக்கும் தெரியாது.