மழை ராத்திரி, மஞ்சப் புள்ளி, கேமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொண்ணு வீட்டுக்கு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் வந்திருக்கேன். குளிர் முடியுற நேரத்துல ஒரு மழை ராத்திரி சாலமாண்டர் (பாக்கப் பல்லி மாதிரி, ஆனா தவளை மாதிரி ஈரத் தோல் உள்ளது) எல்லாம் கூட்டமா ரோட்டைத் தாண்டிப் போகும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. அது எந்த ராத்திரின்னு எப்படித் தெரியும்? கார்ல போய்ப் பாக்கலாமா?

பதில்: தேதியெல்லாம் குறிக்க முடியாதும்மா, மழைதான் குறிக்கணும். மார்ச் நடுவுலேர்ந்து ஏப்ரல் நடுவுக்குள்ள, தரையில உறைஞ்ச பனி இளகியிருக்கணும், இருட்டினப்புறம் மழை பெய்யணும், வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கணும், இந்த மூணும் சேர்ந்த ராத்திரிக்கு அங்க 'பிக் நைட்' (பெரிய ராத்திரி)னு பேர். வருஷம் முழுக்க காட்டுல மண்ணுக்கடியில கெடக்குற மஞ்சப் புள்ளி சாலமாண்டர் அந்த மாதிரி ராத்திரிலதான் வெளிய வந்து முட்டை போட குட்டைக்குக் கிளம்பும். அந்தக் குட்டை கோடையில வத்திடும், அதனால முட்டையைத் தின்ன மீன் இருக்காது, அதுக்குத்தான் அதையே தேடிப் போகுது.

அதுங்க தாண்டுற ரோட்டுல கார் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈர ரோட்டுல கறுப்பு உடம்பு டிரைவருக்குத் தெரியாது, பாக்கப் போறவங்க வண்டியிலயே நசுங்குறதும் நடக்குது. காரை முன்னாடியே எங்கயாவது ஓரமா நிறுத்திட்டு, மேல பளபளன்னு தெரியுற ஜாக்கெட் போட்டுக்கிட்டு, டார்ச்சை காலடியில அடிச்சு அடிச்சு நடங்க. மாசசூசெட்ஸ்லயே ஆம்ஹர்ஸ்ட் ஊர்ல ஹென்றி ஸ்ட்ரீட்னு ஒரு ரோடு, அதுக்கு அடியில 1987லயே இதுங்களுக்குன்னு குட்டி சுரங்கம் போட்டுட்டாங்க. பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர்ல கீன் ஊர்ல அந்த ராத்திரிகள்ல ஒரு தெருவையே மூடிடுறாங்க. அந்த மாதிரி எடத்துல, இதுங்களை ரோட்டைத் தாண்ட வைக்கிற வாலண்டியருங்களோட சேர்ந்துக்கறதுதான் புதுசா போறவங்களுக்கு நல்லது.

கேள்வி: போட்டோ எடுத்தா உடம்பு முழுக்க வெள்ளையா பளபளக்குது. கையில எடுத்து வச்சு எடுக்கலாமா?

பதில்: ஈரத் தோல்ல ஃப்ளாஷ் நேரா விழுந்தா அப்படித்தான் ஆகும். கேமராவுக்கு மேல இருக்குற ஃப்ளாஷை அணைச்சிட்டு, கூட வந்தவங்களை டார்ச்சை பக்கவாட்டுல பிடிக்கச் சொல்லுங்க, டார்ச் முன்னாடி ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை மடிச்சு வச்சா வெளிச்சம் மெத்துன்னு விழும். ரெண்டு மூணு படம் போதும், விட்ருங்க, அது ஒரு அவசரத்துல போகுது. ரோட்டுல படுத்து எடுக்காதீங்க, ஓரத்துல காட்டுப் பக்கம் ஏறினப்புறம் எடுங்க, பின்னாடி தார் ரோட்டுக்குப் பதிலா ஈரச் சருகு வரும், படமும் அதுலதான் அழகா இருக்கும். மேலேர்ந்து நேரா ஒரு படம் கண்டிப்பா எடுங்க, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வேற வேற மாதிரி இருக்கும், அடுத்த வருஷம் அதே ஆளு வந்தா கண்டுபிடிச்சிடலாம். 20 வருஷத்துக்கு மேலயும் வாழக்கூடியது, அதனால ஆல்பமே போடலாம்!

கையில எடுக்கிறது படத்துக்காகன்னா வேண்டாம். தோல் வழியா எல்லாத்தையும் உறிஞ்சிக்கும், நம்ம கையில கொசு மருந்து, க்ரீம், சானிடைசர்னு என்னென்னமோ இருக்கும். வண்டி வருதுன்னா மட்டும் வெறும் தண்ணில நனைச்ச கையால தூக்கி, அது எந்தப் பக்கம் பாத்துப் போச்சோ அந்தப் பக்கமே விடுங்க, பாவம்னு வந்த வழிக்கே திருப்பி விட்டா மறுபடியும் ரோட்டைத்தான் தாண்டும்.

கேள்வி: அந்த ராத்திரியைத் தவற விட்டா அவ்ளோதானா?

பதில்: இல்லீங்க. ஒரே ராத்திரில மொத்தமும் போறதில்ல, ஆணுங்க முன்னாடி போகும், பொண்ணுங்க பின்னாடி வரும், திரும்பி வர்றதும் மழை ராத்திரிலதான். பகல்ல குட்டைக்கரைல நின்னு பாருங்க, அடியில சருகு மேல வெள்ளைப் புள்ளி புள்ளியா இருந்தா அது ஆண் விட்டுட்டுப் போன விந்துப் பொட்டலம். குச்சில ஜெல்லி உருண்டை மாதிரி முட்டை ஒட்டியிருக்கும், நாள் போகப் போக உள்ள பாசி வளர்ந்து பச்சையாகும். லென்ஸ் முன்னாடி மாட்டுற போலரைசர் ஃபில்டர் இருந்தா தண்ணி மேல வர்ற பளபளப்பு போயிடும். தண்ணிக்குள்ள எறங்காதீங்க.

கேள்வி: நம்ம ஊர்ல இதைப் பாக்க முடியுமா?

பதில்: தமிழ்நாட்டுல சாலமாண்டரே கிடையாது. இந்தியாவுக்குள்ள பாக்கணும்னா டார்ஜிலிங் பக்கம் மழைக்காலத்துல போங்க, அங்க ஹிமாலய சாலமாண்டர் குட்டைக்கு வரும்.