வண்ணத்துப்பூச்சியின் வேடமும் அது தின்னும் இலையும்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டைகளை வளர்த்தேன். பெண்களில் பாதி ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் பட்டையோடு வந்தன. மீதி சிவப்புப் புள்ளிகளோடு, ரோஜா அழகி என்ற வேறு வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கின்றன. இனம் கலந்துவிட்டதா?

கலக்கவில்லை, எல்லாம் ஒரே இனம்தான். ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது. பெண்களில் ஒரு பகுதி மட்டும் அந்த வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும்போது உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகியின் உடம்பு சிவப்பு, போலியின் உடம்பு கறுப்பு. வேடம் இறக்கையோடு நின்றுவிடுகிறது.

இதை ஆளும் மரபணு டபிள்செக்ஸ். ஆணுடல், பெண்ணுடல் என்ற வேறுபாட்டை வளர்க்கும் பழைய மரபணு அது. இறக்கை வேடத்துக்கும் அதுவே பொறுப்பு என்பது 2014-இல் வெளியானது. வேடம் தரும் வடிவத்தில் அந்த மரபணு இருக்கும் துண்டு, ஏறத்தாழ 1,30,000 டிஎன்ஏ எழுத்து நீளம், குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் தங்களுக்குள் பகுதிகளை மாற்றிக்கொள்வது அநேகமாக நடப்பதில்லை. அதனால்தான் பாதி வேடம் போட்ட பெண்ணை நீங்கள் பார்ப்பதில்லை. அரைகுறை வேடம் எந்தப் பறவையையும் ஏமாற்றாது.

வேட வடிவம் ஓங்கியது, ஒரு பிரதி போதும். உங்களுக்குப் பாதிக்குப் பாதி வந்திருப்பதால், பெற்றோரில் ஒன்றிடம் ஒரு பிரதி, மற்றதிடம் எதுவும் இல்லை என்று கொள்ளலாம். தாய் ஆணைப் போன்ற நிறமாக இருந்திருந்தால், கொண்டுவந்தது தகப்பன்தான். ஆணிடம் இருந்தாலும் அது வெளியே தெரியாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு பெண்களை வைத்து விகிதம் சொல்லாதீர்கள். 12-இல் 6-ஆ 9-ஆ என்பதைத் தற்செயலே மாற்றிவிடும். 40 பெண்களாவது வந்தால் பாதியா, முக்காலா என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

கேள்வி: அவ்வளவு நல்ல வேடமென்றால் எல்லாப் பெண்களும் ஏன் போடவில்லை?

போலிகள் பெருகினால் பறவை முதலில் கடிப்பதே போலியாக இருக்கும். "இந்த நிறம் தின்னத் தகுந்தது" என்று அது கற்றுக்கொண்டால் வேடத்துக்கு மதிப்பில்லை. போலி அரிதாக இருக்கும்வரைதான் லாபம்.

கேள்வி: அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஹெலிக்கோனியஸ் வண்ணத்துப்பூச்சிகளில் எராட்டோ, மெல்போமினி என்ற இரண்டு இனங்களுக்குமே நஞ்சு உண்டு. பிறகு ஏன் ஒன்று மற்றதைப் போல இருக்க வேண்டும்?

இது வேறு கணக்கு. நஞ்சுள்ள நிறத்தைப் பறவைக்குக் கற்பிக்கச் சில உயிர்கள் பலியாக வேண்டும். இரண்டு இனமும் ஒரே நிறம் பூண்டால் அந்தப் பலி இரண்டுக்கும் பங்காகிறது. பிரேசிலில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் ஃபிரிட்ஸ் முல்லர் 1879-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். நஞ்சில்லாத போலியைப் பற்றி ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் எழுதியது மேலே சொன்ன முதல் வகை.

தென் அமெரிக்காவில் இந்த இரண்டும் ஊருக்கு ஊர் நிறம் மாறும். மாறும்போது சேர்ந்தே மாறும். இரண்டிலும் சிவப்பை இடுவது ஆப்டிக்ஸ் என்ற ஒரே மரபணு என்று 2011-இல் தெரிந்தது. அதை வெட்டி முடக்கினால் சிவப்பு இருந்த இடம் கறுக்கிறது. மாறியிருப்பது பெரும்பாலும் மரபணுவே அல்ல, அது எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கத்துப் பகுதி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் வந்த முடிவு: மெல்போமினிக்கும் அதன் நெருங்கிய உறவான டிமரேட்டாவுக்கும் இடையே, எப்போதாவது நடக்கும் கலப்பின் வழியே, இந்த நிறப்பகுதி அப்படியே கைமாறியிருக்கிறது. எல்லா வேடமும் புதிதாகத் தைக்கப்பட்டதல்ல, சில இரவல்.

கேள்வி: ஹெலிக்கோனியஸ் ஆறு மாதம்கூட வாழுமாமே, உண்மையா?

உண்மைதான். உறிஞ்சுகுழலைக் கூர்ந்து பாருங்கள்: அடிப்பக்கத்தில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் ஒட்டியிருக்கும். அதை எச்சிலில் ஊறவைத்துக் குழலைச் சுருட்டி விரித்து, கரைந்து வரும் அமினோ அமிலங்களைக் குடிக்கிறது. தேன் மட்டும் குடிக்கும் பூச்சி புழுப் பருவத்தில் சேர்த்த புரதத்தைச் செலவழித்து முடிந்துபோகிறது. இதற்கு வரவு தொடர்கிறது.

கேள்வி: வளர்க்கும் புழுக்கள் திடீரென்று தளர்ந்து கறுத்துச் சாகின்றன. என்ன தவறு?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. மருந்தடித்த இலை என்றால் ஒரே நாளில் எல்லாம் போகும். கழுவினாலும் தீராது, மருந்தடிக்காத செடி வேண்டும். நெரிசலும் ஈரமும் என்றால் ஒவ்வொன்றாக நாறிச் சாகும். ஒரு லிட்டர் டப்பாவுக்கு மூன்று நான்கு பெரிய புழுக்களுக்கு மேல் வேண்டாம். அடியில் தாள் விரித்து எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள், இலையின் நீரைத் துடைத்துவிட்டு வையுங்கள். மூன்றாவது ஒட்டுண்ணி: கூட்டுப்புழுவில் சிறு வட்டத் துளை இருந்தால் குளவி. புழுவாக எடுப்பதைவிட முட்டையாக எடுத்தால் இது பெரிதும் குறையும்.

ஒன்றைக் கவனியுங்கள். கறிவேப்பிலை அழகியின் முழு வளர்ச்சி அடைந்த பச்சைப் புழு தீனியை விட்டுவிட்டு நீராகக் கழியும். அது நோயல்ல, கூடாகும் முன் குடலைக் காலி செய்கிறது. அப்போது சாய்வாக ஒரு குச்சியை வையுங்கள்; இடுப்பில் பட்டுக் கயிறு கட்டிக்கொள்ள அதற்குப் பிடிப்பு தேவை. கூட்டுக்குக் கீழே இறக்கை நீளத்தைப் போல இரு மடங்கு வெற்றிடம் இல்லாவிட்டால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும்.

கேள்வி: ஹைப்போலிம்னாஸ் போலினா என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டைகளில் பாதி பொரிக்கவில்லை, பொரித்தவை எல்லாம் பெண். மரபணுக் கோளாறா?

முதலில் ஓல்பாக்கியாவைச் சந்தேகியுங்கள். முட்டை வழியாகத் தாயிடமிருந்து மட்டும் கடக்கும் பாக்டீரியா அது. சில வகைகள் ஆண் கருவைக் கொன்றுவிடும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2001-இல் இந்த இனத்தின் ஆண்கள் ஏறத்தாழ 1 சதவீதம்தான். 2006-இல் சுமார் 40 சதவீதமாக ஏறிவிட்டார்கள். பாக்டீரியா போகவில்லை, அதன் கொலையைத் தடுக்கும் மரபணு ஒன்று பூச்சியிடம் பரவியிருந்தது. டிஎன்ஏ சோதனையில் உறுதி செய்ய, தாயின் ஒரு காலை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். காலில் பாக்டீரியா குறைவாக இருக்கக்கூடும், எனவே தாய் இறந்ததும் வயிற்றையும் அப்படியே சேமியுங்கள்.

கேள்வி: ஒரே இனம் மழைக்காலத்தில் பெரிய கண்புள்ளியோடும் வறட்சியில் சருகு போலவும் வருகிறது. இதுவும் மரபணு வேறுபாடா?

இல்லை. ஆப்பிரிக்காவின் பிசிக்ளஸ் அனினானா என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவை 27 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் கண்புள்ளி பெரிதாகும். 20-க்குக் கீழே வளர்த்தால் சிறுத்துவிடும். அதே பெற்றோரின் பிள்ளைகள்தான். கூடாகும் முன் புழு தீனியை விட்டு அலையும் கட்டத்தில் எக்டைசோன் என்னும் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதே பெரும்பாலும் புள்ளியின் அளவை முடிவு செய்கிறது. எனவே விகிதம் எண்ணப் போகிறவர்கள் வெப்பநிலையை முதலில் எழுதி வையுங்கள்.