மாலே ஸ்டேடியத்தை இடிக்கலாமா?

கேள்வி: மாலத்தீவின் தலைநகர் மாலேயில் மனிதர்கள் குடியிருக்கவே இடமில்லை. ஊருக்கு நடுவில் கால்பந்துக்கென்று ஒரு தேசிய ஸ்டேடியம் தேவையா? இடித்துவிட்டு வீடு கட்டலாமே? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கட்டலாம்தான், எத்தனை வீடு வரும் என்று கணக்குப் போட்டீர்களா? கால்பந்து ஆடுகளம் என்பது 105 மீட்டருக்கு 68 மீட்டர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. கேலரியைச் சேர்த்தாலும் சில ஏக்கர்தான். வீட்டுக்கு இடம் வேண்டும் என்றுதான் அவர்கள் 1997லிருந்தே பக்கத்தில் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்று தனித் தீவையே உருவாக்கி வருகிறார்கள்.

டிவியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், கேலரி முடிகிற இடத்திலேயே அடுக்குமாடிகள் ஆரம்பித்துவிடும். சுமார் 11,000 பேர் உட்காரலாம். மாலேயின் பெரிய கிளப்புகளுக்கெல்லாம் இது ஒன்றுதான் மைதானம், நியூ ரேடியன்ட்டும் விக்டரியும் மோதினால் யாருக்கு இது சொந்த மண் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

2004 மார்ச் 31 அன்று, 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன தென்கொரியா உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக இங்கே வந்து, ஒரு கோல்கூடப் போட முடியாமல் 0-0 என்று திரும்பிப் போனது. அடுத்த மாதமே அவர்களுடைய போர்த்துகீசியப் பயிற்சியாளர் கொயெல்யோ பதவியை விட்டார். (தென்கொரியாவில் இந்த ஸ்டேடியத்தை இடிக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நிறையப் பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!)

அப்புறம், நாம் 2021இல் வாங்கிய எட்டாவது சாஃப் (தெற்காசியக் கால்பந்து) கோப்பையும் இதே புல்தரையில்தான். கடைசி லீக் ஆட்டத்தில் நம்மோடு டிரா செய்தாலே மாலத்தீவு இறுதிக்குப் போயிருக்கும். அவர்கள் ஊரிலேயே, அவர்கள் ரசிகர்கள் முன்னாலேயே சுனில் சேத்ரி இரண்டு கோல் போட்டு 3-1 என்று கதையை முடித்தார், இறுதியில் நேபாளத்தையும் 3-0 என்று வென்றோம். கப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு ஸ்டேடியத்தை இடி என்றால் எப்படி?

சரி, உங்கள் பக்கமும் ஒரு நியாயம் தேடிப் பார்த்தேன். அந்தத் தொடரில் 16 நாளில் 11 ஆட்டம், அத்தனையும் இந்த ஒரே மைதானத்தில், அதுவும் மழை பெய்கிற அக்டோபரில். புல் என்ன பாடுபட்டிருக்கும்! பக்கத்தில் இன்னொரு ஸ்டேடியம் கட்டுங்கள் என்று எழுதியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன்.