வாசகர் கேள்வி – பதில்: அக்சிலேட்டர் மேலே வராதபோது

கேள்வி: ஐயா, ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஒட்டோமற்றிக் பெற்றோல் கார் ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதற்குச் சாவி கிடையாது. பொத்தானை அழுத்தித்தான் எஞ்சினை இயக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு மழைநாள் மாலையில் மரைன் டிரைவில் முச்சக்கரவண்டி ஒன்றை முந்துவதற்காக அக்சிலேட்டரை ஆழமாக மிதித்தேன். காலை எடுத்த பின்பும் பெடல் மேலே வரவில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். மிதிக்க மிதிக்க அது கல்லாக இறுகிப்போனது. எஞ்சின் பொத்தானைத் தட்டினேன், எஞ்சின் நிற்கவில்லை. பதற்றத்தில் அக்சிலேட்டரைப் பக்கவாட்டில் உதைத்தபோது அது தற்செயலாக விடுபட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் இன்னமும் அந்தக் காரில் ஏறக் கை நடுங்குகிறது. நியூட்ரலில் போட்டிருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஓடும் வாகனத்தை நியூட்ரலில் போட்டால் கியர்பொக்ஸ் உடைந்துவிடும் என்கிறார் என் அண்ணா. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, முதலில் உங்கள் அண்ணாவின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் காரை டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளுவதால் கியர்பொக்ஸ் உடைவதில்லை. பெரும்பாலான ஒட்டோமற்றிக் கார்களில் கியர்த் தண்டின் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தாமலே டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ள முடியும். ரிவேர்சுக்கோ பார்க்குக்கோ செல்வதற்குத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அவசரத்தில் தண்டை முன்னோக்கித் தள்ளினால் அது நியூட்ரலில் நின்றுகொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் விழுந்ததும் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அந்த வலு சக்கரத்துக்குப் போகாது.

அந்த உறுமலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சுமை இல்லாமல் சுழலும் எஞ்சின், காது கிழியும்படி அலறும். அந்த அலறலுக்குப் பயந்து தண்டை மறுபடியும் டிரைவுக்கு இழுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. இன்றைய கார்களில் சுழற்சி ஓர் எல்லையைத் தொட்டதும் எரிபொருளைத் துண்டிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே சில விநாடி அலறலால் எஞ்சின் சிதறிவிடாது. அப்படியே பழுதானாலும், அது பணத்தால் திருத்தக்கூடிய பழுது.

இனி பிரேக் ஏன் கல்லாகியது என்பதற்கு வருகிறேன். உங்களுடையது போன்ற பெற்றோல் கார்களில் பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒரு வட்டமான பெட்டி இருக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு, உங்கள் காலின் அழுத்தத்தை அது பலமடங்காக்குகிறது. அக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது அந்த வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமற் போய்விடும். பெட்டியில் ஏற்கெனவே தேங்கியிருப்பது ஒன்றிரண்டு மிதிகளுக்கே போதும். நீங்கள் விட்டு விட்டு மிதித்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிட்டீர்கள். பிரேக்கை ஒரே மிதியாக, இருக்கையில் முதுகை ஊன்றி, முழுப் பலத்துடன் மிதித்து, வாகனம் நிற்கும்வரை காலை எடுக்காமலே வைத்திருக்க வேண்டும். அப்படி மிதித்தால் நல்ல நிலையிலுள்ள பிரேக் எஞ்சினை வெல்லும். அமெரிக்க மோட்டார் சஞ்சிகையொன்று, அக்சிலேட்டரை முழுவதும் திறந்தபடியே டொயோட்டா கேம்ரி காரை மணிக்கு 70 மைல் வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தது. சாதாரணமாக 174 அடியில் நிற்கும் கார் 190 அடியில் நின்றது. வித்தியாசம் 16 அடி மாத்திரமே. ஆனால் பயத்தில் அரைகுறையாக மிதித்து நீண்ட தூரம் ஓட்டினால் பிரேக் சூடேறிப் பலமிழந்துவிடும்.

எஞ்சின் பொத்தானைத் தட்டியும் அணையாதது பழுதல்ல. ஓடும்போது கை தவறுதலாகப் பட்டு எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அதை ஏறக்குறைய மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால்தான் பல கார்களில் எஞ்சின் நிற்கும். சிலவற்றில் மூன்று தடவை அடுத்தடுத்து அழுத்தினாலும் நிற்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் அந்த மூன்று விநாடிகளில் 50 மீற்றர் ஓடிவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எனவே பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்குத் தள்ளுவது முதல் வேலை. வீதியின் இடது ஓரத்துக்கு வந்து நிறுத்திய பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யும்போது கண் வீதியிலேயே இருக்கட்டும். கையால் பெடலை இழுக்கக் குனியவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காரணம் காலடி விரிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் நம்மவர்கள், காரோடு வந்த துணி விரிப்பை எடுக்காமல் அதன்மேல் ஒரு தடித்த ரப்பர் விரிப்பையும் போட்டுவிடுகிறார்கள். அண்மையில் அயலவர் ஒருவரின் காரில் இதைக் குனிந்து பார்த்தேன். தரையிலுள்ள கொளுக்கி அடியிலிருந்த துணி விரிப்பை மட்டும் பிடித்திருந்தது. மேலிருந்த ரப்பர் விரிப்பு ஈரத்தில் வழுக்கி நான்கு விரல் அளவு முன்னே நகர்ந்திருந்தது. பெடலைக் கையால் ஆழ அமுக்கியபோது அதன் கீழ்விளிம்பு ரப்பரின் மேடான ஓரத்துக்குள் நுழைந்து, பல்லில் கடித்தது போல அங்கேயே நின்றது. மெதுவாக மிதிக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஆழமாக மிதிக்கும் அந்த ஒரு தடவைக்காக அது காத்திருக்கிறது.

இதை அற்பமாக எண்ண வேண்டாம். 2009 ஒகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவில், பழுதுபார்க்கக் கொடுத்த காருக்குப் பதிலாக இரவலாகக் கிடைத்த லெக்சஸ் காரில் சென்ற நெடுஞ்சாலைப் பொலிஸ் அதிகாரி ஒருவரும் அவரது குடும்பத்தினர் மூவரும் இதே காரணத்தால் உயிரிழந்தார்கள். வேறொரு மாதிரி வாகனத்துக்குரிய விரிப்பை அதில் போட்டிருந்தார்கள். அதன் பின்னர் டொயோட்டா நிறுவனம் விரிப்பு தொடர்பாக மாத்திரம் அமெரிக்காவில் 38 இலட்சம் வாகனங்களுக்கு அறிவித்தல் விடுத்தது. 2010 ஜனவரியில், பெடலே ஒட்டிக்கொள்ளும் பழுதுக்காக 23 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. மின்னணுக் கோளாறுதான் காரணம் என்ற சந்தேகத்தை நாசா பொறியியலாளர்கள் ஆராய்ந்து, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தப் பொலிஸ் அதிகாரி வாகனம் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். ஆனால் அது அவருடைய கார் அல்ல. கியர்த் தண்டு வளைந்து செல்லும் தடமும், மூன்று விநாடி பிடிக்க வேண்டிய பொத்தானும் அதில் இருந்தன. அந்தப் பொழுதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. தெரியாத காரில் ஏறும் எவருக்கும் அது நேர்ந்திருக்கலாம்.

நமது நாட்டில் இந்தத் தெரியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் ஓடிய கார்கள் இங்கே வரும்போது கையேடும் ஜப்பானிய மொழியிலேயே வருகிறது. அதைப் பையோடு முன்பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் நியூட்ரலுக்குச் செல்ல, சிறிய கியர்ப் பிடியை அந்த இடத்தில் கணநேரம் பிடித்திருக்க வேண்டும். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் அது ஏற்காது. பிரேக்குக்கும் அங்கே எஞ்சின் வெற்றிடம் தேவையில்லை. மின்பம்பி அழுத்தம் கொடுக்கும். டிரைவுக்கு அருகிலுள்ள ‘பி’ (B) என்ற எழுத்தைப் பற்றரி என்று நம்பியிருக்கும் சாரதிகள் பலரைச் சந்தித்திருக்கிறேன். அது மலையிறக்கங்களில் எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுப்பதற்கானது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆளில்லாத தரிப்பிடமொன்றில், மிகக் குறைந்த வேகத்தில், டிரைவிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளும் அசைவை பத்துத் தடவை கண்ணால் பார்க்காமலே செய்து பாருங்கள். கை நடுக்கமும் அத்தோடு குறையும்.

கேள்வி: எனது வான் கைக் கியர் வைத்த பழைய டீசல் வாகனம். அக்சிலேட்டர் கேபிள் சில நாட்களாக இறுக்கமாக இருக்கிறது. கிறீஸ் பூசினால் போதும் என்கிறார்கள். ஓடும்போது அது சிக்கினால் சாவியைத் திருப்பி அணைக்கலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கிறீஸ் பூச வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், பேஸ்லைன் வீதியில் சென்றுகொண்டிருந்த எனது பழைய கார் காலை எடுத்த பின்பும் இழுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு நாட்களுக்கு முன்தான் ஒரு கராஜில் அதற்கு சேர்விஸ் செய்திருந்தேன். கேபிள் இறுகுகிறது என்று நான் சொன்னதற்கு, வெளியே எண்ணெய் விட்டுத் தந்திருந்தார்கள். கிளட்சை மிதித்தேன், பிரேக்கை மிதித்தேன், ஓரங்கட்டினேன். பொனட்டைத் திறந்து பார்த்தபோது, கேபிளின் பின்னலில் ஒரேயொரு மெல்லிய கம்பி இழை அறுந்து, தூண்டில் முள் போல வளைந்து, உறையின் வாயில் மாட்டியிருந்தது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்த இழை ஒரு காரையே இழுத்துச் சென்றது. உள்ளே இழை அறுந்துவிட்ட கேபிளை வெளியே விடும் எண்ணெய் காப்பாற்றாது.

உங்கள் வானில் கிளட்ச் இருப்பது பெரிய பாதுகாப்பு. கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தால் எஞ்சின் சக்கரத்தை விட்டு விலகிவிடும். பின் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை வாகனம் நின்ற பிறகே திருப்புங்கள். ஓடும்போதே திருப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு படி மட்டும் திருப்புங்கள். முழுவதும் திருப்பிச் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அது முதல் ஆபத்தைவிடப் பெரியது. எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனக்கும் என்பதால் இரு கைகளாலும் பலமாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

டீசலுக்கு மட்டும் உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தேய்ந்து எஞ்சின் எண்ணெய் காற்று வழிக்குள் கசிந்தால், அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு எஞ்சின் தன்பாட்டில் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வாகனத்தை நிறுத்தி, பிரேக்கை முழுவதும் மிதித்தபடி, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவதே அப்போது சாரதி செய்யக்கூடியது. அது முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள். காற்று வழியைக் கையால் மூட முயல வேண்டாம்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப்பரிசோதனையில் சித்தியடைவதால் வாகனம் நல்ல நிலையில் இருக்கிறது என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். அது புகையை மட்டுமே அளக்கிறது. கேபிளையோ பிரேக்கையோ பார்ப்பதில்லை. 2020 முதல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது என்பதால், வீதியில் ஓடும் பழைய வாகனங்களின் வயது கூடியிருக்கிறது. பஞ்சிகாவத்தையில் கேபிள் வாங்கும்போது பாவித்ததை வாங்காமல் புதியதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தரிப்பிடத்திலிருந்து பின்னே எடுக்கும்போது, பிரேக்கை மிதித்தும் கார் பாய்ந்து மதிலில் மோதியதாக எழுபது வயதான அப்பா உறுதியாகச் சொல்கிறார். கராஜில் ஒரு பழுதும் இல்லை என்கிறார்கள். அப்பா பொய் சொல்பவர் அல்ல. யாரை நம்புவது?
— வாசகர், தெஹிவளை

பதில்: உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை; பிரேக்கை மிதித்ததாகவே அவர் நம்புகிறார். ஆனால் பெரும்பாலும் அவரது கால் அக்சிலேட்டரில் இருந்திருக்கும். பின்னே பார்ப்பதற்காக உடலைத் திருப்பும்போது இடுப்போடு காலும் நகர்ந்துவிடுகிறது. கார் பாய்ந்ததும் பயத்தில் இன்னும் பலமாக மிதிக்கிறோம். 1980களில் அமெரிக்காவில் அவுடி கார்களைப் பற்றி இதேபோன்ற முறைப்பாடுகள் குவிந்தன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து, பெரும்பாலானவற்றில் பெடல் மாறி மிதிக்கப்பட்டதே காரணம் என்று 1989இல் தெரிவித்தது. பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியரை எடுக்க முடியாத பூட்டு அக்காலத்தில் பரவி, இன்று ஏறக்குறைய எல்லா ஒட்டோமற்றிக் கார்களிலும் இருக்கிறது.

அப்பாவிடம் குற்றம் சாட்டும் தொனியில் பேச வேண்டாம். மிதிக்க மிதிக்க வேகம் கூடினால் கால் தவறான இடத்தில் இருக்கிறது, உடனே காலை முழுவதும் தூக்கிவிட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அவருடன் இருந்து பழக்குங்கள். இருக்கையைச் சற்று முன்னே நகர்த்தி, குதிகாலைப் பிரேக்குக்கு நேராக ஊன்றச் சொல்லுங்கள். கியரைத் தொடும் முன் பிரேக்கை ஒருமுறை மிதித்து அதன் இடத்தைக் கால் அறியட்டும். ரப்பர் செருப்போடு ஓட்டுவதை நிறுத்தி, குதிகாலில் வார் உள்ள செருப்பு ஒன்றைக் காருக்கென்றே வாங்கிக் கொடுங்கள்.