டிபெண்டபாட் அப்டேட்டுகளைத் தானாக மெர்ஜ் செய்யலாமா?

திங்கட்கிழமைதோறும் டிபெண்டபாட் (பேக்கேஜ்களின் புதிய பதிப்புகளைக் கவனித்துச் சொல்லும் கிட்ஹப் கருவி) உங்கள் நோட்.ஜேஎஸ் புராஜெக்ட்டில் புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது மாற்றக் கோரிக்கைகளைக் குவிக்கிறது, ஒன்றை மெர்ஜ் செய்தால் (நிரலோடு இணைத்தால்) மற்றவை லாக் ஃபைலில் (பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பில்) முட்டிக்கொள்கின்றன, பேசாமல் எல்லாமே தானாக மெர்ஜ் ஆகட்டும் என்று விட்டுவிடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

2025 செப்டம்பரில் சாக், டிபக் ஆகிய என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியம்) பேக்கேஜ்களில் நடந்ததைப் பாருங்கள். பராமரிப்பாளர் ஒரு போலி மின்னஞ்சலை நம்பி, தன் கணக்கைத் திருடர்களிடம் பறிகொடுத்துவிட்டார். கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரலோடு புதிய பதிப்புகள் வெளிவந்தன. சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அவசரப்படாமல் ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அதனால் முதல் வேலையாக, டிபெண்டபாட் கட்டமைப்புக் கோப்பில் கூல்டவுன் (புதிய பதிப்பு வந்தபின் காத்திருக்கும் காலம்) பகுதியைச் சேர்த்து 7 நாள் என்று கொடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை இது தடுக்காது, அவை உடனே வந்துவிடும்.

முட்டல் பிரச்சினைக்கு டிபெண்டபாட்டின் குரூப்ஸ் (பல அப்டேட்டுகளை ஒரே ரிக்வெஸ்ட்டாகச் சேர்க்கும் வசதி) போதும். பேட்ச் (பிழைத் திருத்தம்), மைனர் (புதிய வசதி) இரண்டையும் ஒரே குழுவில் போடுங்கள். பத்து ரிக்வெஸ்ட் வந்த இடத்தில் ஒன்றுதான் வரும். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் இருக்கக்கூடிய மேஜர் பதிப்புகள் தனியாக வரட்டும், அவற்றின் மாற்றக் குறிப்பைப் படித்துவிட்டு நீங்களே மெர்ஜ் செய்யுங்கள்.

சரி, தானாக எதையுமே விடக்கூடாதா? ஈஎஸ்லின்ட் (நிரலில் பிழை தேடும் கருவி) மாதிரி, நிரல் எழுதும்போது மட்டும் தேவைப்படும் டெவ் பேக்கேஜ்களின் பேட்ச் பதிப்புகளை, டெஸ்ட் பாஸ் ஆனால் மட்டும், நான் விடுகிறேன். அப்புறம், உங்கள் சிஐ-யில் (டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) என்பிஎம் இன்ஸ்டால் என்ற கட்டளை இருந்தால் என்பிஎம் சிஐ என்று மாற்றிவிடுங்கள். பேக்கேஜ் ஜேசனும் (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் என்பிஎம் இன்ஸ்டால் சத்தமில்லாமல் லாக் ஃபைலை மாற்றிவிடும். என்பிஎம் சிஐ பிழை காட்டி நின்றுவிடும்.