விடியப்புறம் அலறும் கார்

கேள்வி: ஐயா, எங்களுடையது பழைய ஜப்பான் கார். வாங்கிய பிறகுதான் ஒரு கடையில் அலாரம் பொருத்தினோம். கொஞ்ச நாளாக, யாரும் தொடாமலே விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு அலறுகிறது. பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ரிமோட்டுக்குப் புதுப் பற்றரி போட்டும் பயனில்லை. கார் நிற்பது தோட்ட லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அலாரத்தைக் கழற்றிவிடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: கழற்ற வேண்டாம், தம்பி. நேரத்தைக் குறித்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலை. ரிமோட்டின் பற்றரி தீர்ந்தால் கதவு திறக்காது. சைரன் தானாக அடிக்காது. விடியப்புறம் மட்டும் அலறுகிறது என்றால் ஈரத்தையும் குளிரையும்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து வாகனங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது பொனட் சுவிட்சை. பின்னாளில் பொருத்தும் அலாரங்களில், பொனட்டின் விளிம்புக்கு அடியில் ஒரு சிறு ஊசி சுவிட்ச் இருக்கும். பொனட்டை மூடினால் ஊசி அமுங்கும். திறந்தால் மேலெழுந்து வயரை எர்த்தோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு சேர்க்கும், சைரன் அடிக்கும். நம் மழையும் பனிமூட்டமும் அந்த ஊசியில் துருவேற்றுகின்றன. இரவு ஈரம் துருவில் ஊறினால் மின்சாரம் கசிய வழி கிடைக்கிறது. மூடிய பொனட்டைத் திறந்ததாக அலாரம் எடுத்துக்கொள்கிறது. வெயிலில் காய்ந்ததும் குறை மறைந்துவிடும். பத்து மணிக்குக் கராஜுக்குக் கொண்டுபோனால் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது அதனால்தான்.

இன்றிரவே சோதியுங்கள். அந்தச் சுவிட்சுக்குப் போகும் ஒற்றை வயரைக் கழற்றி, நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டு அலாரத்தைப் போடுங்கள். சில இரவுகள் அமைதியாகக் கழிந்தால் புதுச் சுவிட்ச் வாங்குங்கள், மலிவான சாமான்தான். பொருத்தும் இடத்தின் துருவைச் சுரண்டிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். காருடனேயே வந்த அலாரமாக இருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். சிலவற்றில் வயரைக் கழற்றினாலே பொனட் திறந்ததாகப் பொருள்படும்.

அப்படியும் அலறினால் காரின் பற்றரியைப் பாருங்கள். குளிரில் பற்றரியின் பலம் குறைகிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனியே படியும். உங்கள் பக்கமும் அந்த மாதங்களில் குளிருக்குக் குறைவில்லை. போதாததற்கு, மூட்டத்தில் லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு கடைவீதி வரை போய் வரும் குறுகிய ஓட்டத்தில் பற்றரி நிறையாது. மின்னழுத்தம் இறங்கினால் சில அலாரங்கள் தடுமாறி அலறும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பற்றரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். பன்னிரண்டுக்குக் கீழே காட்டினால் சந்தேகமே வேண்டாம், குறை அங்கேதான். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பற்றரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடையுங்கள்.

கொழுந்து லொறி போகும்போது அலறுகிறதென்றால் அது அதிர்வு சென்சரின் வேலை. அதிலுள்ள சிறு திருகைக் கொஞ்சம் குறைத்தால் போதும். முழுவதும் குறைத்துவிட்டால் கண்ணாடியை உடைத்தாலும் அலாரம் பேசாது. கண்ணாடிக்கருகே ஆடும் பொம்மை எதையும் தொங்கவிடாதீர்கள். உள்ளே அசைவைப் பார்க்கும் சென்சர் இருந்தால் அதுவும் போதும் அலற.

பற்றரியைக் கழற்றிய பிறகும் சைரன் நிற்காவிட்டால், சைரனுக்குள்ளேயே தனிப் பற்றரி இருக்கிறது என்று அர்த்தம். அது பழசாகிக் கசிந்தாலும் இந்தத் தொல்லை வரும். சைரனை மட்டும் மாற்றினால் போதும்.

குறை பிடிபடும் வரை இரவில் அலாரத்தைப் போடாமல் சாவியால் மட்டும் பூட்டுங்கள். பெரும்பாலான அலாரங்களில் அவற்றை ஓய்வில் வைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். கராஜில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியவர்களின் தூக்கம் அது. திருத்தும் வேலை நடக்கிறது என்று காம்பிராக்காரர்களிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கடிதத்தில், பொனட் வயரைக் கழற்றிய இரவு என்ன நடந்தது, காலையில் எத்தனை வோல்ட் காட்டியது என்ற இரண்டையும் எழுதுங்கள்.