துருப்பிடித்த மடக்குக் கத்தி

கேள்வி: தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த மடக்குக் கத்தி பாதி திறந்த நிலையில் இறுகிவிட்டது. திருகு எதுவும் இல்லை, ஆணிதான் அடித்திருக்கிறது. வீட்டில் இருப்பதை வைத்தே சரிசெய்ய முடியுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: முடியும் அம்மா. ஆணித் தலையில் மட்டும் சுத்தியலால் தட்டிவிடாதீர்கள். தட்டினால் தலை பரந்து இன்னும் இறுகும். என் அப்பாவின் கத்தியை அப்படித்தான் கெடுத்தேன், இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது.

முதலில் அலகின் கூர்ப்பக்கத்தில் கெட்டித் துணியைச் சுற்றி நூலால் கட்டுங்கள். அடுப்பில்லாத இடத்தில் உட்கார்ந்து, மூட்டின் இருபுறமும் நான்கு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல். பிடி மரமோ கொம்போ என்றால் முழுவதும் ஊறப்போட வேண்டாம், மூட்டு நனைந்தால் போதும். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

காலையில் அலகை ஒரு நெல்மணி அளவு மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் துரு கசியும். அதைத் துடைத்துவிட்டு, மறுபடி சொட்டு விட்டு, மறுபடி அசையுங்கள். கசிவு தெளியும்வரை இதே வேலைதான். இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம், அவசரப்பட்டு இடுக்கியால் நெம்பினால் அலகு வளையும்.

தளர்ந்ததும் பழைய பல்துலக்கியில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.